கூந்தன்குளத்தில் பச்சைக் கழுத்துப்பட்டையோடு ஒரு வாத்து

குளத்தங்கரை: நேற்று நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரித்தலை வாத்துகள் 40 போல நின்றன. ஒன்றின் கழுத்தில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டும் பச்சைப் பட்டை, அதில் வெள்ளையில் எழுத்தும் எண்ணும். முதல் எழுத்தைப் படிப்பதற்குள் எழும்பிவிட்டது, சனியன். எங்கே மாட்டியிருப்பார்கள்?

ஊசிவால்: பச்சை என்றால் பெரும்பாலும் மங்கோலியா. கோடையில் சிறகு உதிர்ந்து பறக்க முடியாத நாட்களில் வளைத்துப் பிடித்து மாட்டுவார்கள். முழு எண்ணும் கிடைத்தால் தேதி, இடத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.

நெல்லைக்காரன்: தம்பி, எண்ணை யூகித்து மட்டும் எழுதிவிடாதே. நான் ஒருமுறை 3-ஐ 8 என்று எழுதி அசடு வழிந்தேன். காலையில் கிழக்குக் கரையில் நில், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்.

குளத்தங்கரை: சரிண்ணே. நாளைக்கு ஸ்கோப் (பறவை பார்க்கும் தொலைநோக்கி) இரவல் வாங்கிப் போகிறேன்.