3% நானோகுழாய் போட்டும் படிகத்தன்மை ஏன் ஏறவில்லை?

கேள்வி (பெங்களூரு)

வணக்கம். பாலிப்ரொப்பிலீனில் பல சுவர் கார்பன் நானோகுழாய் கலந்து எம்.டெக். ப்ராஜெக்ட் செய்கிறேன். பீன்யாவில் தெரிந்தவர் ஒருவரின் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இரட்டைத் திருகு இயந்திரம்) ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும் என்பதால், எல்லாக் கலவையையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன். டிஎஸ்சியில் (சூடாக்கும்போதும் ஆற்றும்போதும் மாதிரியின் வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவி) நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்தபோது வெறும் பிளாஸ்டிக் 112 டிகிரியில் படிகமானது, 0.5% போட்டதும் 121. ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனால் 3% போட்டும் 123-ஐத் தாண்டவில்லை, போதாததற்குப் படிகத்தன்மை, அதாவது படிகமான பங்கு, 46.9%-லிருந்து 44.9%-க்கு இறங்கிவிட்டது. கைடு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டச் சொல்கிறார். எங்கே தப்பு?

பதில் (மும்பை)

தம்பி, ஓட்டுவதற்கு முன் கணக்கைப் பார். உருகு வெப்பத்தை 207 ஜூலால் (முழுக்கப் படிகமான பாலிப்ரொப்பிலீன் ஒரு கிராம் உருகத் தேவையான வெப்பம்) வகுத்திருப்பாய், சரி. பானில் (டிஎஸ்சியில் மாதிரி வைக்கும் சிறு தட்டு) இருக்கும் 3% குழாய் உருகாதே, அந்த எடையைக் கழித்தாயா? 44.9-ஐ 0.97-ஆல் வகுத்தால் 46.3 வருகிறது. மிச்சம் 0.6தான், 5 மில்லிகிராம் மாதிரியில் 0.1 மில்லிகிராம் எடை பிசகினாலே அவ்வளவு வந்துவிடும்.

சீக்கிரம் படிகமாவது வேறு, அதிகமாகப் படிகமாவது வேறு. குழாயின் பரப்பில் சங்கிலிகள் ஒட்டி வரிசையாகப் படிவதால் படிகம் வளரத் தொடங்கும் புள்ளியான கரு உண்டாவது சுலபமாகிறது, அதனால்தான் ஆறும்போது இன்னும் சூடாக இருக்கையிலேயே உறைய ஆரம்பிக்கிறது. 0.5%-லேயே போதுமான கருக்கள் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் போடுவதால் பெரிய லாபமில்லை. பந்தியில் எத்தனை இலை விரித்தாலும் சாப்பிடுகிறவர்கள் அவ்வளவு பேர்தானே. அப்புறம் 3%-ல் குழாய்கள் ஒன்றோடொன்று சிக்கி வலைபோல் ஆகிவிடும், சங்கிலிகள் நகர இடமிருக்காது, படிகம் வளரும் வேகமும் குறையும்.

பதில் (டெல்லி)

அண்ணன் சொன்னது சரி. மைக்ரோஸ்கோப்பிலும் ஒருமுறை பாருங்கள். போலரைசர் போட்டால் வெறும் பாலிப்ரொப்பிலீனில் சிலுவை விழுந்த பெரிய உருண்டைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பது தெரியும், குழாய் போட்டதில் அதே இடம் ரவை கொட்டினதுபோல் பொடிப்பொடியாக இருக்கும். 3% மாதிரி வெறும் கருப்பாகத்தான் தெரியும், வெளிச்சம் போகாது, 0.1%-ல் ஒன்று செய்து மெல்லிசாக அழுத்திப் பாருங்கள். ஒரு சந்தேகம்: குழாயைப் பொடியாகப் போட்டீர்களா, மாஸ்டர்பேட்ச்சா (குழாயை முன்பே பிளாஸ்டிக்கில் அடர்த்தியாகக் கலந்து விற்கும் குருணை)? வெறும் பிளாஸ்டிக்கையும் எக்ஸ்ட்ரூடரில் ஓட்டினீர்களா?

கேட்டவர்

அண்ணா, எடையைக் கழிக்கவே இல்லை. மன்னியுங்கள். போட்டது 15% மாஸ்டர்பேட்ச். வெறும் பிளாஸ்டிக்கை மூட்டையிலிருந்து நேராக எடுத்துப் பானில் போட்டேன்.

பதில் (டெல்லி)

அப்படியென்றால் உங்கள் 3% மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கு மாஸ்டர்பேட்ச், அதாவது மொத்த மாதிரியில் 17% அவர்களுடைய பிளாஸ்டிக். அது வேறு கிரேடாக இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது ஒரே பொருளையே இல்லை. அதே பிளாஸ்டிக் 17% கிடைத்தால், குழாய் இல்லாமல் உங்கள் பாலிப்ரொப்பிலீனோடு அதே வெப்பத்தில், அதே வேகத்தில் ஓட்டி ஒரு மாதிரி எடுங்கள். டிஎஸ்சியில் 200 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் பழைய படிகங்களைக் கரைத்துவிட்டுக் குளிர்வியுங்கள்.

கேட்டவர்

மாஸ்டர்பேட்ச் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டேன் அக்கா, அந்த பிளாஸ்டிக்கில் 2 கிலோ தருகிறாராம். வரும் ஞாயிறு அந்த ஒன்றை மட்டும் ஓட்டுகிறேன்.