நெஸ்ஸி வழக்கு: எந்தச் சாட்சிக்கு எவ்வளவு எடை?

பொருநைக்கரை:

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் வழக்காடு மன்றம். தலைப்பு, 'லாக் நெஸ் ஏரியில் பூதம் உண்டா, இல்லையா'. ஸ்காட்லாந்தில் உள்ள ஏரி அது; அந்தப் பூதத்தின் செல்லப்பெயர்தான் நெஸ்ஸி. பேசப் போவது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.

'உண்டு' கட்சியின் கையில் இருப்பது: புனித கொலும்பா கதை, 1933 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட நேரில் கண்ட சாட்சிகள், 1934 டாக்டர் படம், 1960 ஃபிலிம், 1972 துடுப்புப் படம், 1987 சோனார் (ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி) சோதனை. "இத்தனையும் பொய்யாக இருக்க முடியுமா?" என்பதுதான் அவர்கள் துருப்புச் சீட்டு. இதை எப்படி எடைபோடுவது?

இன்னொன்று. அணைத் தண்ணீரில் மூன்று முண்டு (மேடு) வரிசையாக நகரும் வாட்ஸ்அப் வீடியோ ஒன்றைப் பிள்ளைகள் சுற்றில் விட்டிருக்கிறார்கள். நம்ம பக்கத்து அணை என்கிறார்கள். அதை அளக்க வழி உண்டா?

கன்னடியன்கால்:

முதலில் எண்ணிக்கையைக் கூட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. சாவி (பதர்) நூறு மூட்டை கட்டி வச்சாலும் தூத்தினா ஒரு படி நெல்லு தேறாது. ஒவ்வொரு சாட்சியிடமும் ஒரே கேள்வி கேக்கணும்: பூதமே இல்லாவிட்டாலும் இது நமக்குக் கிடைச்சிருக்குமா? கிடைச்சிருக்கும்னா அதுக்கு எடை பூஜ்யம்.

கொலும்பாங்கிற கிறிஸ்தவத் துறவி தண்ணி மிருகத்தை விரட்டின கதை 565ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததாச் சொல்றது. எழுதினவர் அடோம்னான், சுமார் நூறு வருஷம் கழிச்சு. சம்பவ இடமும் ஏரி இல்லை, நெஸ் ஆறு. சாமியார் ஒரு சொல்லால் மிருகத்தை அடக்குறது அந்தக் கால அற்புத வரலாறுகளில் வழக்கமா வர்ற கட்டம். நம்ம தலபுராணத்துல முனிவர் அசுரனை அடக்கின மாதிரி. இதைச் சாட்சிப் பட்டியல்ல இருந்து எடுத்திடலாம்.

நேரில் கண்டவங்க விஷயத்துல தேதி வரிசைதான் முக்கியம். 1933 மே 2 அன்று இன்வெர்னஸ் கூரியர் பத்திரிகையில வந்த முதல் செய்தியில நீண்ட கழுத்தே கிடையாது. திமிங்கலம் போல ஒரு உடம்பு புரண்டது, தண்ணி கொதிச்ச மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கழுத்து வர்றது ஜூலை மாசம், ஸ்பைசர் தம்பதி சாலையைக் கடந்த மிருகத்தைப் பாத்ததாச் சொன்ன பிறகு. அதே வருஷம் லண்டன் தியேட்டர்ல ஓடின ஒரு படத்துலயும் நீண்ட கழுத்து டைனோசர் வருது. அதுக்குப் பிறகு பாத்தவங்களில் நிறையப் பேர் கழுத்தோடதான் பாத்தாங்க. ஆயிரம் பேர் தனித்தனியாப் பாத்து ஒரே மாதிரி சொல்றது வேற, பேப்பரைப் படிச்சிட்டுக் கரையில நிக்கிற ஆயிரம் பேர் சொல்றது வேற.

1934 படம் தனியா வந்தது இல்லை, ஒரு சங்கிலியோட கடைசிக் கண்ணி. 1933 டிசம்பர்ல டெய்லி மெயில் பத்திரிகை அனுப்பின வேட்டைக்காரர் வெதரெல் கரையில கால்தடம் கண்டுபிடிச்சார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பாத்துட்டு, அது நீர்யானைத் தடம்னு சொல்லிட்டாங்க. பதப்படுத்தின ஒற்றைக் காலை வச்சு அமுக்கின வேலை. மானம் போன மனுஷன் சும்மா இருக்கல. அவரோட மனைவிக்கு முந்தின கல்யாணத்துல பிறந்த மகன் ஸ்பர்லிங், பொம்மை நீர்மூழ்கி மேல மரக்கூழ்ப் பிசின்ல தலையும் கழுத்தும் செஞ்சு கொடுத்தார். தண்ணிக்கு மேல நின்னது சுமார் 30 சென்டிமீட்டர். லண்டன் டாக்டர் ராபர்ட் வில்சன் பேர்ல 1934 ஏப்ரல் 21 அன்று படம் வெளிவந்தது. டாக்டர் சொன்னா ஆப்த வாக்கியம்தானே! ஸ்பர்லிங் ஒத்துக்கிட்டது 1994ல வெளிய வந்தது. பிள்ளைங்க கிட்ட வெட்டாத முழுப் படத்தைக் காட்டுங்க. பத்திரிகையில வந்தது நடுப்பகுதி மட்டும். முழுப் படத்துல சுத்தியிருக்கிற சிற்றலையைப் பாத்தாலே உருவம் எவ்வளவு சின்னதுன்னு பிடிபடும்.

1972ல தண்ணிக்கடியில எடுத்த, மிருகத்தோட துடுப்புக் கைன்னு சொல்ற படத்துல, கம்ப்யூட்டர் மெருகேற்றின பிரதிக்கும் அச்சில வந்த பிரதிக்கும் வித்தியாசம் இருக்கு. வைர வடிவத் துடுப்பு இரண்டாவதுலதான் அத்தனை சுத்தமாத் தெரியுது. அதை நம்பி 1975ல பிரிட்டிஷ் இயற்கையாளர் பீட்டர் ஸ்காட் 'நெஸ்ஸிட்டெராஸ் ராம்பாப்டெரிக்ஸ்'னு அறிவியல் பேரே வச்சார். அந்த எழுத்துக்களைக் கலைச்சு அடுக்கினா ஆங்கிலத்துல 'சர் பீட்டர் எஸ் செய்த பூதப் புரளி'ங்கிற பொருள் வரும். தற்செயல்னுதான் நினைக்கிறேன், ஆனா பிள்ளைங்க கேட்டா விட மாட்டாங்க.

தேரிமணல்:

எல்லாத்தையும் மோசடின்னு ஒரே மூட்டையாக் கட்டுறது சரியில்லவே. 1960 ஏப்ரல்ல ஏரியில நகர்ற ஒரு மேட்டை டின்ஸ்டேல்ங்கிறவர் எடுத்த ஃபிலிம் பொம்மை இல்ல. 1966ல பிரிட்டிஷ் விமானப்படையின் படப் பகுப்பாய்வுப் பிரிவு பாத்துட்டு 'அநேகமாக உயிருள்ளது'ன்னு எழுதிக் கொடுத்துருக்கு. 1987ல மூணு சோனார் தடம் விளக்கமில்லாம நிக்குது. இதுக்கு என்ன சொல்லுதீரு?

நதியுண்ணி:

தேரிமணல் கேட்டது நியாயம். இவை இரண்டும் மோசடி அல்ல. ஆனால் நேர்மையான சாட்சி வேறு, கனமான சாட்சி வேறு.

டின்ஸ்டேல் செய்த ஒரு காரியத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். அதே நாளில் ஒரு படகை ஓடவிட்டு, ஒப்பீட்டுக்காக அதையும் படம் எடுத்தார். ஆனால் இரண்டுக்கும் நேரம் வேறு, வெளிச்சம் வேறு. 'உயிருள்ளது' என்ற அறிக்கை வாக்கியமும், 'இது படகாகத் தெரியவில்லை' என்று ஒதுக்கிய பிறகு மிஞ்சிய முடிவு. கண், தோல், துடுப்பு என்று நேராகக் கண்ட அடையாளம் எதுவும் அதில் இல்லை. பின்னாளில் அந்த ஃபிலிமை மெருகேற்றிப் பார்த்தவர்கள் பலர் அது படகுதான் என்கிறார்கள்.

சோனாருக்கு வருவோம். 1987 அக்டோபரில் இரண்டு டஜன் படகுகள் ஏரியின் குறுக்கே வரிசை கட்டி நடந்தன. சோனார் திரையில் தெரிவது எதிரொலி மட்டுமே, உருவம் அல்ல. நெஸ் ஏரி குறுகலானது, இரு கரையும் செங்குத்துப் பாறை. பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நடுத்தண்ணீரில் ஏதோ நிற்பது போலக் காட்டும். கோடையில் மேல்தண்ணீர் கொஞ்சம் சூடு, அடியில் 5, 6 டிகிரிதான். இரண்டும் சேருமிடத்தில் ஒலி வளையும். காற்று ஓய்ந்த பிறகும் அந்த உள்ளடுக்கு ஊஞ்சல் போல ஆடும். அதில் சிக்கிய மரக்கட்டை மேலே அடிக்கும் காற்றுக்கு எதிராகவே போகும். மூன்று தடத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றால் மூன்று தடத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

மறுபக்கம் ஒன்று உண்டு. 2016ல் 'மூனின்' என்ற தானியங்கி நீர்மூழ்கி அடித்தரையைத் துருவியபோது 9 மீட்டர் நீளப் பூதம் ஒன்று நிஜமாகவே சிக்கியது. 1969ல் சினிமா படப்பிடிப்பில் மூழ்கிப்போன பொம்மை! அதாவது 9 மீட்டர்ப் பொருள் தரையில் கிடந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

'அவ்வளவு பெரிய ஏரியில் ஒளிந்துகொள்ளாதா' என்றும் கேட்பார்கள். பெரியதுதான். 37 கி.மீ. நீளம், 230 மீட்டர் ஆழம், 7.4 கன கிலோமீட்டர் தண்ணீர். நம் கணக்கில் 261 டி.எம்.சி. மேட்டூர் 93.47, மணிமுத்தாறு சுமார் 5.5. ஆனால் தண்ணீர் பெரியதாக இருந்தால் போதாது, சோறு வேண்டும். கரிச்சத்து மண் கலந்த கறுப்புத் தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, பாசி குறைவு, ஆகவே மீனும் குறைவு. சோனார் வழி மதிப்பீடு மொத்தம் ஏறத்தாழ 20 டன் மீன். இரை பத்து டன் இருந்தால் அதைத் தின்னும் மிருகம் ஒரு டன் என்பது சூழலியலில் தோராயக் கணக்கு. ஆக மொத்தம் 2 டன் பூதம். 1933லிருந்தே இனம் பெருகி வர வேண்டுமென்றால் பத்து உருப்படியாவது வேண்டாமா? தலைக்கு 200 கிலோ. எருமைக் கிடாவில் பாதிகூடத் தேறாது. அந்த ஏரி சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பனிக்கட்டிக்குள் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைனோசர் காலத்துப் பிராணி அங்கே 'தங்கிப்போக' இடமே இல்லை.

நம் பக்கத்துக் குளங்களுக்கு இந்த வழக்கே வேண்டாம். கோடையில் வற்றும்போது மீன்பாசி ஏலம் எடுத்தவர் சேற்றைக்கூட அரித்துவிடுவார்.

கூந்தன்குளத்துக் கொக்கு:

வீடியோ பற்றி யாரும் பேசவில்லையே. அளக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த பிரதி உதவாது. படம் சுருங்கியிருக்கும், எடுத்த நாளும் இடமும் அழிந்திருக்கும். எடுத்தவர் போனிலிருந்து மூலக் கோப்பை 'டாக்குமென்ட்' ஆக வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் இதோடு நிறுத்திவிடலாம், மீதி எல்லாம் ஊகம்.

கிடைத்தால், முதலில் தூரம். எடுத்தவர் கண் தண்ணீருக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தது? இதற்கு நம் ஊர் நாளிதழில் தினமும் வரும் அணை நீர்மட்டம் போதும். மணிமுத்தாறு முழுக்கொள்ளளவு 118 அடி. அன்றைக்கு 68 அடி என்றால் தண்ணீர் 50 அடி கீழே. அதற்கு மேல் கரை உயரமும் ஆள் உயரமும் சேர்த்து 15 அடி என்று வைத்தால் 65 அடி, அதாவது 20 மீட்டர். அதே இடத்தில் நின்று, கோணமானியில் நூல்குண்டு கட்டி, பொருள் இருந்த இடத்துக்கான சரிவுக் கோணம் பாருங்கள். 4 டிகிரி என்றால் தூரம் 286 மீட்டர். 3 டிகிரி என்றால் 382. ஒரு டிகிரி பிசகினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கரையில் தண்ணீர் மட்டத்தில் நின்று எடுத்ததென்றால் இன்னும் மோசம்: கண் உயரம் 1.6 மீட்டர், 1 டிகிரிக்கு 92 மீட்டர், அரை டிகிரிக்கு 183. தண்ணீரோரத்தில் நின்றவர்கள் சொல்லும் 'முப்பது அடி நீளம்' எல்லாம் இப்படிப் பிறப்பதுதான்.

அடுத்து நீளம். இரண்டு மீட்டர் மூங்கில் கம்பில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, 50 மீட்டர் தள்ளி நட்டு, அதே போனில் அதே ஜூமில் எடுங்கள். கம்பு 80 பிக்சல் வந்தால் ஒரு மீட்டருக்கு 40. தூரம் 286 மீட்டர் ஆகும்போது ஒரு மீட்டருக்கு 7தான். வீடியோவில் ஒரு முண்டு 4 பிக்சல் என்றால் 57 சென்டிமீட்டர். ஒரு பிக்சல் கூடக் குறைந்தாலே 14 சென்டிமீட்டர் மாறும், ஆகவே 'சுமார்' போட மறக்க வேண்டாம்.

பிறகு வேகம். படகு போன பின் எழும் அலை, படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் கரையில் மோதித் திரும்பி வரிசை முண்டாக நிற்கும். நெஸ் ஏரி கலிடோனியன் கால்வாயின் ஒரு பகுதி, படகுக்குப் பஞ்சமில்லை. அலையா உயிரா என்று பிரிக்க ஒரு சூத்திரம்: அலையின் வேகம் (வினாடிக்கு மீட்டர்) = 1.25 × முண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியின் வர்க்கமூலம். இடைவெளி 2 மீட்டர் என்றால் வேகம் 1.8 அருகே வரும். வீடியோவிலும் அதுவே வந்து, இடைவெளியும் கடைசிவரை மாறாமல் இருந்தால் அலை. இடைவெளி கூடிக் குறைந்து, ஒன்று முங்கி வேறிடத்தில் எழுந்தால் நீர்நாய்க் குடும்பம். தாமிரபரணியில் அவை வரிசையாக நீந்துவது வழக்கம்.

ஒரே பாம்புடம்பு மேலும் கீழும் வளைவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீனும் ஊர்வனவும் நீந்தும்போது உடல் இடவலமாக நெளியும். மேல்கீழாக வளைவது பாலூட்டிகள்தான்.

கழுத்து மட்டும் தெரிந்தால் பாம்புத்தாரா. உடம்பை முழுக்க அமிழ்த்திவிட்டு நீந்தும். பெயரே காரணப் பெயர். கிளைக்கொம்பும் தலையுமாக வந்தால் மிளா மான். துதிக்கையும் பின்னால் இரண்டு மேடும் தெரிந்தால் யானை (2006ல் நெஸ்ஸிக்கும் சர்க்கஸ் யானை விளக்கம் ஒன்று வந்தது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை). நகரும் தீவு என்றால் கூட்டமாக மிதக்கும் அமலைச் செடி.

அளக்கிறோம் என்று பிள்ளைகளை அணைக்கரையிலிருந்து கீழே இறக்க வேண்டாம். காரையாறு பக்கம் புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் முடியாது.

பொருநைக்கரை:

நன்றி. மூங்கில் கம்பு வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஒரு பாக்கி: டி.என்.ஏ. சோதனை செய்து 'ராட்சத விலாங்கு' என்று முடிவு கட்டிவிட்டதாக இரு கட்சியும் நம்புகிறது. அது சரியா?

கன்னடியன்கால்:

பாதிதான் சரி. நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மல் குழு 2018ல வேற வேற இடத்துல, வேற வேற ஆழத்துல சுமார் 250 தண்ணி மாதிரி எடுத்தாங்க. மிருகம் உதிர்க்கிற தோல், சளி, கழிவு எல்லாத்துலயும் டி.என்.ஏ. இருக்கும். தண்ணியை வடிகட்டி, வடிகட்டியில நின்னதைப் பிரிச்சு, பெருக்கி, வரிசையைப் படிச்சு, தெரிஞ்ச உயிர்களோட பட்டியல்ல ஒத்துப் பாக்குறது முறை. 2019 செப்டம்பர்ல முடிவு சொன்னாங்க: ஊர்வன டி.என்.ஏ. கிடையாது, சுறா, ஸ்டர்ஜன் மீன் கிடையாது. விலாங்கு மட்டும் எடுத்த இடமெல்லாம்.

ஆனா டி.என்.ஏ. இனத்தைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. ஆயிரம் சின்ன விலாங்கும் ஒரு ராட்சத விலாங்கும் அதுல ஒரே மாதிரிதான். 'ராட்சத விலாங்கை மறுக்க முடியாது'ன்னு அவர் சொன்னதைத்தான் பத்திரிகைங்க 'ராட்சத விலாங்கு'ன்னு தலைப்புப் போட்டாங்க. 2023ல பிடிபட்ட விலாங்கு அளவுகளை வச்சு ஃபாக்சன்ங்கிற ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார்: அந்த ஏரியில ஒரு மீட்டர் விலாங்கு அகப்படவே ஐம்பதாயிரத்துல ஒண்ணுதான் வாய்ப்பு. ஆறு மீட்டருக்குச் சொல்லவே வேண்டாம்.

'இல்லை' கட்சி ஒரு இடத்துல வழுக்கி விழும், நடுவர் கவனிக்கணும். 'காணோம், அதனால இல்லை'ன்னு சும்மா சொல்லக் கூடாது. சைவ சித்தாந்த அளவைகளில் அபாவம்னு ஒண்ணு உண்டு. இருந்தா கண்ணுக்குப் பட்டே ஆகணும்கிற இடத்துல காணோம்னாதான் அது செல்லும். அறை நடுவில யானை இல்லைன்னு சொல்லலாம், ஊசி இல்லைன்னு சொல்லத் தேடிப் பாக்கணும். இங்க விலாங்கு, சால்மன், கரையில மேயுற மான், ஏன் மனுஷன் டி.என்.ஏ. வரைக்கும் அந்த வடிகட்டியில சிக்கியிருக்கு. அதைச் சொல்லிட்டு 'ஊர்வன காணோம்'னு சொல்லச் சொல்லுங்க.

தேரிமணல்:

அப்போ 'உண்டு' கட்சிக்கு விலாங்கும் போச்சா? பாவம்வே பிள்ளைகள். சோனார் மூணு தடத்தை மட்டும் வச்சு வாதாடச் சொல்லும், நதியுண்ணி சொன்ன பக்கச்சுவர் எதிரொலியை எதிர்க்கட்சி கேக்க மறந்தா அஞ்சு நிமிஷமாவது தாங்கும்.