சிகாகோ சொந்தங்கள் குழு: பெஞ்ச் ஆளைத் தினமும் இறக்கினா

கார்த்தி: மாமா, 2021ல 93 மேட்ச் ஜெயிச்ச நம்ம சிகாகோ பேஸ்பால் டீம் ஒயிட் சாக்ஸ் 2022ல 81 ஜெயிச்சு 81 தோத்துச்சு. எல்லாரும் காயம்தான் காரணம்ங்கறாங்க. நீங்க ஏன் யுடிலிட்டி ஆளுங்களை, அதான் பல இடத்துல நிறுத்தக்கூடிய ஆளுங்களை, பத்திப் பேசறீங்க?

பாலு மாமா: காயம் உண்மைதாண்டா. முக்கிய ஆளுங்கள்ல மொன்காடா சீசன் ஆரம்பத்துலயே இல்ல. எலோய் ஹிமெனெஸுக்கு ஏப்ரல்ல தசைநார் கிழிஞ்சது. ஆகஸ்ட்ல டிம் ஆண்டர்சனுக்கு விரல். ஆனா காயம் எந்த டீமுக்குத்தான் வரல? காலியான இடத்துல யாரை, எத்தனை நாள் நிறுத்தறோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு.

பாலு மாமா: லெயூரி கார்சியாவையே எடுத்துக்கோ. இடக்கை, வலக்கை ரெண்டு பக்கமும் பேட் பிடிப்பார். செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், அதுக்கு நடுவுல நிக்கற ஷார்ட்ஸ்டாப், பின்னால அவுட்ஃபீல்டு மூணு இடம், எங்க விட்டாலும் நிப்பார். பெஞ்ச்ல அப்படி ஒருத்தர் கிடைக்கறது பெரிய விஷயம். 3 வருஷத்துக்கு 1.65 கோடி டாலர் குடுத்தாங்க. 2022ல 97 மேட்ச், ஆவரேஜ் .210, அதாவது நூறு தடவைக்கு 21 ஹிட். 2023 சீசன் தொடங்கறதுக்குள்ள விடுவிச்சாச்சு.

ரேவதி அத்தை: அதுல அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல கார்த்தி. அவருக்குக் குடுத்த வேலை மாறிப்போச்சு. பெஞ்ச் ஆளுக்கு மதிப்பே ஆளும் நேரமும் பார்த்து இறக்கறதுலதான். இவருக்குத் தோதான பிட்சர் (பந்து வீசறவர்), தோதான இன்னிங்ஸ். தினமும் எழுதிப் போட்டா அந்தத் தேர்வு போயிடும், வர்ற எல்லாப் பிட்சரையும் அவரே சமாளிக்கணும். வாரத்துக்கு ரெண்டு மேட்ச்ல மறைஞ்சு கிடந்த பலவீனம் ஆறு மேட்ச்ல வெளிய வந்துடும். எதிர் டீம் வீடியோ பார்த்து அதே இடத்துலதான் பந்தைப் போடுவாங்க.

பிரியா: அத்தை, அவர் ஸ்டார்ட் பண்ணிட்டா அன்னிக்கு பெஞ்ச்ல யுடிலிட்டி ஆளே இல்லையே?

ரேவதி அத்தை: அதத்தான் சொல்ல வந்தேன்! கணக்கு போட்டுப் பாரு. டீம்ல 26 பேர். அதுல பிட்சர் 13 வரைக்கும், எல்லா டீமும் 13ஐ நிரப்பிடும். மீதி 13ல, பேட் மட்டும் பண்ற டிஹெச்சோட சேர்த்து 9 பேர் லைன்அப். வெளிய 4. அதுல ஒருத்தர் ரெண்டாவது கேட்சர் (பேட்டருக்குப் பின்னால நின்னு பந்தைப் பிடிக்கறவர்), அவரை மேனேஜர் கடைசிவரை தொட மாட்டார். கையில இருக்கறது 3 பேர்தான். யுடிலிட்டி ஆள் முதல்லயே உள்ள போயிட்டா மேட்ச் முடியப்போற எட்டாவது இன்னிங்ஸ்ல ஷார்ட்ஸ்டாப்புக்குப் பதிலா பின்ச் ஹிட்டரை, அதான் பேட் பண்ண வர்ற மாற்று ஆளை, இறக்கவே முடியாது. அப்புறம் ஷார்ட்ஸ்டாப்ல யார் நிப்பா?

பாலு மாமா: பேட்டிங் ஆர்டரும் முக்கியம். ஒரு படி மேல ஏத்தினா 162 மேட்ச்ல சுமார் 18 தடவை கூடுதலா பேட் பண்ண வரும். ஒன்பதாவதுக்கும் முதலாவதுக்கும் 140க்கு மேல வித்தியாசம். ஓடத் தெரியும்ங்கற ஒரே காரணத்துக்காக யுடிலிட்டி ஆளை முதல்ல போட்டா அத்தனை வாய்ப்பும் டீம்லயே பலவீனமான பேட்டுக்குப் போகும்.

கார்த்தி: ஆனா பிளாட்டூன் (ஒரே இடத்துக்கு ரெண்டு பேரை மாத்தி மாத்தி இறக்கறது) வச்சே ஜெயிச்ச டீம் இருக்கே மாமா. 1982 பால்டிமோர் டீம்ல மேனேஜர் வீவர் லெஃப்ட் ஃபீல்டுக்கு லோவன்ஸ்டீனையும் ரோனிக்கியையும் வச்சு ஓட்டினார். ஒருத்தர் 24 ஹோம் ரன், இன்னொருத்தர் 21.

பாலு மாமா: சரியான உதாரணம். ஆனா பாரு, ஒருத்தர் இடக்கை, ஒருத்தர் வலக்கை, அவங்க பங்கு முன்னாடியே முடிவானது. நடுவுல எடி முர்ரே, ரிப்கன் அசையாம நிக்கறாங்க. தூண் நிலையா இருந்தா ஓரத்துல மாத்தி விளையாடலாம். தூணே காயத்துல படுத்திருக்கும்போது ஓரத்தையும் மாத்தினா தினம் ஒரு புது டீம்.

பிரியா: அப்போ ஸோப்ரிஸ்ட்? 2009ல டாம்பா பே டீம் அவரை இடம் மாத்தி மாத்தி நிறுத்துச்சே.

ரேவதி அத்தை: 27 ஹோம் ரன், .297 ஆவரேஜ்மா அந்த வருஷம். அவர் பெஞ்ச் ஆளே இல்ல. நிலையான ஆள், இடம் மட்டும்தான் மாறும். யுடிலிட்டிங்கற பேர் ஒண்ணுங்கறதால கார்சியா மாதிரி ஆளுங்களை அவர்கூட வச்சுப் பார்க்கறதுலதான் பாதித் தப்பு தொடங்குது.

பாலு மாமா: ஃபீல்டிங்குக்கு வரேன். சாக்ஸ் செஞ்சதுலயே என்னால ஏத்துக்க முடியாதது, ஃபர்ஸ்ட் பேஸ் ஆளை அவுட்ஃபீல்டுல விடறது. 2021ல எலோய் அடிபட்டதும் ஆண்ட்ரூ வான் லெஃப்ட் ஃபீல்டு. 2022லயும் அதே கதை, ஃபர்ஸ்ட்ல அப்ரேயு இருந்தார். 2024ல ரைட் ஃபீல்டுல கேவின் ஷீட்ஸ். பந்து பேட்டை விட்டதும் முதல் அடி அரை நொடி தாமதம். நடுவுல விழற பந்து சிங்கிளுக்கு (ஒரு பேஸ்) பதிலா டபுள் (ரெண்டு பேஸ்). ஸ்கோர்ல அது எரர்னு வராது, ஹிட்னு பிட்சர் தலையில ஏறும். அவர் இன்னும் ஆறேழு பந்து வீசணும், ஐந்தாவது இன்னிங்ஸ்லயே புல்பென் (மாற்று பிட்சர்கள்) எழுந்துக்கும். ஆள் நின்ன இடம் தப்பு, பழி பிட்சருக்கு.

ரேவதி அத்தை: இன்ஃபீல்டுலயும் அப்படித்தாங்க. ஒரே பந்துல ரெண்டு பேரை அவுட்டாக்கற டபுள் பிளேல ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓடிவர்றவன் கண்ணு முன்னாடி, செகண்ட் பேஸ் ஆளுக்கு முதுகுப் பக்கம். காலடியே வேற. பார்ட்னர் வாரா வாரம் மாறினா பந்து எந்த உயரத்துல வரும்னு பழகவே முடியாது. 2023ல ஷிஃப்ட்டை (ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கறது) கட்டுப்படுத்தினதுக்கப்புறம் செகண்ட் பேஸ்ல நிஜமாவே ஓடற ஆள் வேணும்.

கார்த்தி: 2024ல சாக்ஸ் 41 ஜெயிச்சு 121 தோத்துச்சு. 507 ரன்தான். மொன்காடா 12 மேட்ச். இப்படி ஒரு டீம் கையில இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

ரேவதி அத்தை: முதல்ல கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு மூணையும் பூட்டு போட்டுப் பூட்டுவேன். சுத்தற இடம் ரெண்டுக்கு மேல வேண்டாம். யுடிலிட்டி ஆளுக்கு வாரத்துல ரெண்டு, மிஞ்சினா மூணு ஸ்டார்ட், அதுவும் யாருக்கு ஓய்வுன்னு திங்கக்கிழமையே எழுதி வச்சு.

பாலு மாமா: ஒருத்தர் மூணு வாரத்துக்கு மேல இல்லைன்னு தெரிஞ்சா பெஞ்ச்சை இழுக்காம மைனர் லீக்ல (கீழ்நிலை டீம்கள்) இருந்து அந்த இடத்துக்கே பழகின பையனைக் கூப்பிடணும். தோத்துக்கிட்டிருக்கற டீம்ல 32 வயசு யுடிலிட்டி ஆளுக்குக் குடுக்கற 400 வாய்ப்பு ஒரு 23 வயசுப் பையனோட படிப்பு. .200 அடிச்சாலும் விடணும்.

பிரியா: ஒரு வாரம் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டா?

பாலு மாமா: அனுப்பினா ஹிட்டர் பொதுவா 10 நாள் மைனர்ல இருந்துதான் ஆகணும், நடுவுல யாராவது அடிபட்டா மட்டும் விலக்கு. ஒரே ஆளை சீசனுக்கு 5 தடவைக்கு மேல சும்மா மைனருக்கு அனுப்பவும் முடியாது. கூப்பிடறதா இருந்தா குறைஞ்சது 100 பேட்டிங் வாய்ப்பு குடுக்கற மனசோட கூப்பிடணும்மா.