எல்லா லேப்டாப்களிலும் ஊழியர்களுக்கு அட்மின் உரிமை: பாதுகாப்பு மென்பொருள் மட்டும் போதுமா?

கேள்வி (அலுவலக நிர்வாகி)

வணக்கம். ஏறத்தாழ 40 பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தில் அலுவலக நிர்வாகத்தோடு கணினிகளையும் நானே கவனித்து வருகிறேன். எல்லா லேப்டாப்களிலும் ஊழியர்களுக்கு அட்மின் உரிமை, அதாவது எதையும் நிறுவவும் எந்த அமைப்பையும் மாற்றவும் முடிகிற உரிமை, இருக்கிறது. பழுது பார்ப்பதற்கென்று வைத்துள்ள அட்மின் கணக்கின் கடவுச்சொல்லும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றேதான். கோப்புகள் ஒரு சர்வரில் உள்ளன. அவற்றின் காப்புப் பிரதி, அதே சர்வரில் எப்போதும் செருகியிருக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இரவுதோறும் பதிவாகிறது. சில கணினிகள் இன்னும் விண்டோஸ் 10-இல் இயங்குகின்றன. விலை உயர்ந்த ஒரு பாதுகாப்பு மென்பொருளை வாங்கி எல்லாவற்றிலும் நிறுவிவிட்டால் போதும் என்று நிறுவன உரிமையாளர் கருதுகிறார். எனக்கு அதில் நிறைவு இல்லை. கைவசம் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் கொண்டு எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

பதில் 1 (வலையமைப்புப் பொறியாளர்)

உங்கள் ஐயம் சரியானதே. ஒருவர் திறக்கும் தீய நிரல், அவருக்குள்ள உரிமைகளோடுதான் இயங்கும். அவர் அட்மினாக இருந்தால், நீங்கள் வாங்கப்போகும் மென்பொருளை முடக்க முயலவும், நினைவகத்தில் தங்கியிருக்கும் பிறருடைய கடவுச்சொல் விவரங்களை எடுக்கவும் அந்த நிரலுக்கு வழி கிடைத்துவிடுகிறது. பழுது பார்க்கும் கணக்கின் கடவுச்சொல் எங்கும் ஒன்றாகவே இருப்பதால், ஒரு லேப்டாப்பில் நுழைந்தவர் மற்ற அனைத்திலும் நுழையலாம்.

2017 ஜூனில் உக்ரைனின் ஒரு கணக்கியல் மென்பொருளுடைய அப்டேட் வழியாகப் புறப்பட்ட நாட்பெட்யா என்ற தீய நிரலை நினைத்துப் பாருங்கள். அது விண்டோஸின் ஒரு குறைபாட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து திருடிய அட்மின் விவரங்களைக் கொண்டும் பரவியது. அதனால், அந்தக் குறைபாட்டுக்கான திருத்தத்தை மார்ச் மாதமே நிறுவியிருந்த கணினிகளும் வீழ்ந்தன.

ஆகவே அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கையே கொடுங்கள். பழுது பார்க்கும் கணக்குக்கு விண்டோஸ் லாப்ஸ் வசதியைப் பயன்படுத்தலாம். 2023 ஏப்ரல் அப்டேட் முதல் அது விண்டோஸிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அதுவே உருவாக்கி, குறித்த கால இடைவெளியில் மாற்றி, நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியிலோ அதன் கிளவுட் சேவையான என்ட்ரா ஐடியிலோ சேமித்து வைக்கும்.

பதில் 2 (சர்வர் பராமரிப்பாளர்)

மேலே உள்ளவர் சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் உங்கள் விவரிப்பில் எனக்கு அச்சம் தந்தது அந்த ஹார்ட் டிஸ்க்தான். சர்வரில் எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரலான ரான்சம்வேர் மற்றுமொரு டிரைவாகவே பார்க்கும். மூலக் கோப்புகளைப் பூட்டும்போதே பிரதியையும் பூட்டிவிடும். இன்றே இன்னொரு டிஸ்க் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். கிளவுடிலும் ஒரு பிரதி வைக்க முடிந்தால், குறிப்பிட்ட காலம்வரை எவராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உள்ள சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கடவுச்சொல், சர்வரின் அட்மின் கடவுச்சொல்லோடு எந்த வகையிலும் தொடர்பற்றதாக இருக்க வேண்டும்.

அதே நாட்பெட்யாவில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கண்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சர்வர்கள்) ஏறக்குறைய அனைத்தும் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும், மின்தடையால் அப்போது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த காரணத்தால் தப்பியது. அதைக் கொண்டுதான் அவர்கள் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். தற்செயலாய் அவர்களுக்கு வாய்த்த அந்தத் துண்டிப்பை நீங்கள் திட்டமிட்டே செய்துகொள்ளலாம்.

பிரதி எடுப்பதோடு நின்றுவிடாமல், ஒரு காலாண்டில் ஒரு முறையாவது வேறொரு கணினியில் அதிலிருந்து கோப்புகளை மீட்டுத் திறந்து பாருங்கள். டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவிகளையும் சர்வருக்கு வெளியே வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, அவற்றைச் சரிசெய்யச் சென்ற பலருக்கு அந்தச் சாவிகள் தேவைப்பட்டன. பாதுகாப்பு மென்பொருளாலேயே வந்த முடக்கம் அது என்பதை உங்கள் உரிமையாளரும் அறிந்திருப்பது நல்லது.

பதில் 3 (மென்பொருள் ஆலோசகர்)

வரிசையில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மின்னஞ்சலுக்கும் அட்மின் கணக்குகளுக்கும் இருபடிச் சரிபார்ப்பை முதலில் இயக்குங்கள்; ஒரு லேப்டாப்பைக்கூடத் தொடாமல் விரைவில் முடிகிற வேலை அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட வன்பொருள் தகுதி இருக்கும் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றுங்கள். தகுதியில்லாதவற்றுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளைக் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்றாலும், அதைப் புதிய கணினி வாங்கும்வரை கிடைக்கும் அவகாசமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு தடை இருக்கிறது. எங்கள் பழைய கணக்கு மென்பொருள் அட்மின் உரிமை இல்லாவிட்டால் திறப்பதே இல்லை. அந்தப் பிரிவுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா?

பதில் 1 (வலையமைப்புப் பொறியாளர்)

வேண்டாம். பணப் பரிமாற்றம் நடக்கும் பிரிவுக்கே விலக்கு அளித்தால், காக்க வேண்டிய இடத்தையே திறந்து வைத்ததாகிவிடும். இத்தகைய பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் தம்முடைய நிறுவல் ஃபோல்டரிலோ விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியிலோ எழுத முயல்வதால்தான் அட்மின் உரிமை கேட்கின்றன. ஒரு நிரல் எந்தெந்த இடத்தைத் தொடுகிறது என்று காட்டும் கருவியாக மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டரை இயக்கி, எந்த இடத்தில் அனுமதி மறுக்கப்படுகிறது என்று பாருங்கள். அந்த ஓர் இடத்தில் எழுதும் அனுமதியைக் கணக்குப் பிரிவினருக்கு மட்டும் கொடுத்து, முதலில் ஒரு கணினியில் சோதித்துப் பாருங்கள். அப்போதும் திறக்கவில்லையென்றால், பிராசஸ் மானிட்டர் பதிவில் அனுமதி மறுக்கப்பட்டதாக வரும் வரிகளை இங்கே இடுங்கள். கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் பெயர்களும் அதில் இல்லாதபடி நீக்கிவிட்டு இடவும்.