கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவை டீசல்:

வாரண்டி முடிந்த 1.5 லிட்டர் டீசல், டைமிங் பெல்ட் இன்ஜின். கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்னேன், ஜாப் கார்டிலும் எழுதினார்கள். சாயங்காலம் வண்டி வந்தது. கூலன்ட் டாப்-அப், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசிக்கு ஏதோ ஸ்பிரே என்று பில்லில் எல்லாம் வரிசையாக இருக்கிறது, கூலன்ட் எங்கே போகிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. "லீக் எதுவும் இல்ல சார், ஆவியாகியிருக்கும்" என்றார் அட்வைசர். பெல்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டதே என்றதற்கு, "சத்தம் வந்தா பார்த்துக்கலாம் சார்." பெல்ட் சத்தம் போட்டுவிட்டா அறுகிறது?

மனசு கேட்காமல், கணபதி பக்கம் டீசல் வண்டிகளே அதிகம் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் கவரைக் கழற்றி டார்ச் அடித்தார். வாட்டர் பம்ப்புக்குக் கீழே கூலன்ட் வழிந்து காய்ந்த தடம் அப்படியே இருக்கிறது. அப்புறம் பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பின்பக்கமா வளைச்சுப் பாருங்கண்ணா" என்றார். ஒவ்வொரு பல்லுக்கு அடியிலும் வெடிப்பு. இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே அந்தப் பெல்ட்தான், அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட் காலி. பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றினோம். எனக்குப் பணம்கூடப் பெரிதில்லை. அந்த வாரம்தான் குழந்தைகளோடு வால்பாறை ஏறுவதாக இருந்தது, 40 கொண்டை ஊசி வளைவு.

அம்பத்தூர் பிஎஸ்6:

மேலே எழுதியவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது அந்த ஒரு சர்வீஸ் சென்டரின் தப்பு. அதை வைத்து வெளி மெக்கானிக் எல்லாம் கடவுள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னுடையது 2021 டீசல், டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நல்ல பெயர் எடுத்த ஒர்க்‌ஷாப், ஆயில் சர்வீஸ்தானே என்று விட்டேன். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மிலிருந்து ஆயிலைப் பிடித்துக்கொண்டு வருகிறார். என்ன ஆயில் என்றேன். "5டபிள்யூ-30 சார், எல்லாம் ஒண்ணுதான்." நான் டிக்கியைத் திறந்து மேனுவலை எடுத்து இந்த வண்டிக்கான ஆயில் தரம் ஏசிஇஏ சி3 என்று இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு எழுதுறது" என்றார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 5டபிள்யூ-30 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பது மட்டும்தான். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். ஃபில்டரில் சேரும் கரியை வண்டியே சூடேற்றி எரித்துவிடும், அதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். ஆனால் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும், சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஃபில்டரையே மாற்றச் சொல்வார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆயில் ஊற்றாமலே வண்டியை எடுக்க முடியாதே, பையனை அனுப்பி சரியான கேன் வாங்கி வரவைத்து, ஊற்றும்வரை அங்கேயே நின்றேன். அதிலிருந்து கம்பெனி சர்வீஸ்தான். பத்து ரூபாய் கூடப் போனாலும் சரி.

மதுரை ஸ்விஃப்ட்:

என் மெக்கானிக் கழற்றிய பிரேக் பேடை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், பக்கத்தில் புதுப் பேடையும் வைத்து. "பாதிக்கு மேல இருக்குண்ணே, இப்ப மாத்த வேணாம்." அதே வாரம் இன்னொரு இடத்தில் அதே பேடுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை.

தாம்பரம் செடான்:

எனக்கு நடந்தது சின்ன விஷயம். வெளியே கிளட்ச் மாற்றினேன், பிறகு சம்பந்தமே இல்லாத பவர் விண்டோ மோட்டாருக்கு வாரண்டி கேட்டபோது "வெளியில கை வச்சாச்சு, வாரண்டி போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் சண்டை போட்டு வாங்கினேன்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,545 கோடி அபராதம் விதித்து ஒரு உத்தரவு போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. மேல்முறையீடு எல்லாம் நடந்தது, அது தனிக் கதை. கவுன்டரில் நிற்கும் பையனுக்கு இது தெரியாது, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்காக வாரண்டி இருக்கும்போதே வெளியே ஓடவும் வேண்டாம், இன்ஜின், கியர்பாக்ஸ் என்று பெரிதாக ஏதாவது வந்தால் வாதாடுவது நம் தலையில்தான் விழும். வெளியே செய்தால் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், "பில் போட்டா 18 சதவீதம் ஏறும் சார்" என்பார்கள், ஏறட்டும், அந்தப் பில்தான் நாளைக்குச் சாட்சி. சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கினால் டப்பாவில் பார்ட் நம்பரையும் எம்ஆர்பியையும் பாருங்கள், பழைய பார்ட்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ரீகால் (தயாரிப்பிலேயே உள்ள குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது) மட்டும் டீலரிடம்தான், அது இலவசம். சேஸிஸ் நம்பரைப் போட்டு கம்பெனி தளத்திலேயே பார்க்கலாம். அம்பத்தூர்காரர் சொன்ன ஆயில் விஷயம் சரி, ஆனால் கம்பெனியிலும் டிரம்மிலிருந்துதான் பிடித்து ஊற்றுகிறார்கள், அங்கே யாரும் நின்று பார்க்க விடுவதில்லை.

நெல்லை ஆட்டோமேட்டிக்:

ஜெர்மன் வண்டி, 7 கியர், டிரை டைப் இரட்டை கிளட்ச். டிராஃபிக்கில் திடீரென்று கியர் விழாமல் நின்றுவிட்டது. டீலர் ஸ்கேனர் மாட்டி, கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை முழுசாக மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் கொடுத்தார். கோவையில் இந்த கியர்பாக்ஸையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவரிடம் டோ பண்ணிக் கொண்டுபோனேன். அவர் யூனிட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஆயில் பிரஷரைச் சேர்த்து வைக்கும் அக்யூமுலேட்டர் உட்காரும் இடத்தில் நகத்தால் ஒரு கோட்டைத் தடவிக் காட்டினார். முடி அளவு விரிசல். அதன் வழியாக ஆயில் பிரஷர் போய்விடுகிறது, வேறு ஒன்றுமே இல்லை. அந்த ஹவுசிங்கை மட்டும் சரிசெய்தார், செலவு எஸ்டிமேட்டில் பாதிக்கும் கீழே. ஆனால் அவரிடமே என் அப்பாவின் பழைய அம்பாசடரைக் கேட்டேன், "எனக்கு அது தெரியாது சார்" என்றுவிட்டார். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

சேலம் ஹேட்ச்பேக்:

எல்லோரும் மெக்கானிக் அண்ணன் அப்படிக் காட்டினார், இப்படிக் காட்டினார் என்கிறீர்கள். வண்டி என் பெயரில், ஓட்டுவது நான், ஸ்டியரிங் இடதுபக்கம் இழுக்கிறது என்று சொன்னதும் நான். ஒர்க்‌ஷாப்காரர் என் கூட வந்த தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார், அவனுக்கு லைசென்ஸே கிடையாது. "நீங்க சொல்லுங்க தம்பி, எந்த ஸ்பீடுல இழுக்குது?" நான்தான் சொன்னேன், எழுபதுக்கு மேல் என்று. அதையும் அவனிடம் மறுபடி கேட்டார். கம்பெனியில் கூடுதலாக வாங்குகிறார்கள், தெரியும், தேவையில்லாத ஸ்பிரே எல்லாம் சேர்க்கிறார்கள், நான் அந்த வரிகளை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் சொன்னது சொன்னபடி என் பெயரோடு ஜாப் கார்டில் ஏறுகிறது. ஏறாவிட்டால் ஏற்றிய பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். சேலத்தில் பெண்களிடம் நேராகப் பேசும் நல்ல ஒர்க்‌ஷாப் யாருக்காவது தெரிந்தால் ஏரியாவைச் சொல்லுங்கள், அடுத்த சர்வீஸுக்கே போகிறேன்.