அந்த எண் மாறிய வேளையில் அரங்கில் இருந்தவர்கள் எழுதுங்கள்

பால்டிமோர், மேரிலாந்து

பேஸ்பால் சாதனைகளைப் பட்டியலாகப் படிக்க எத்தனையோ இடங்கள் உண்டு. ஒரு சாதனை நிகழ்ந்த நாளில் அந்த அரங்கில் நீங்கள் இருந்திருந்தால், அல்லது அது நிகழ்ந்த இடத்தில் பின்னொரு நாள் போய் நின்றிருந்தால், அங்கே கண்டதை இந்த இழையில் எழுத வேண்டுகிறேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

1995 செப்டம்பர் 6. நான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த இரண்டாம் ஆண்டு அது. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் இரும்பாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர். மாலை வேளைகளில் வீட்டு முகப்பில் வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே மடியில் ஒரு ஸ்கோர்கார்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கை எனக்கும் கற்றுக்கொடுத்தார். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒவ்வோர் எண் உண்டு: பந்து வீசும் பிட்சர் 1, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் (பேஸ் என்பது மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய இடக்குறி) நிற்பவர் 3, மூன்றாம் பேஸில் நிற்பவர் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. பந்தை யார் எடுத்து யாருக்கு எறிந்ததால் ஒருவர் அவுட் ஆனார் என்பதை இந்த எண்களாலேயே ஒரு சிறு கட்டத்துக்குள் எழுதிவிடலாம். எங்கள் ஊர் ஓரியோல்ஸ் அணியின் கால் ரிப்கென் என்ற பெயரை நான் அறிவதற்கு முன்பே அவர் எனக்கு 6 என்ற எண்ணாகத்தான் அறிமுகமானார்.

ரிப்கென் 1982 மே 30 முதல் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஓராண்டுப் பருவத்தில், ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள், 162 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை, ஓயாமல் குனிந்தும் பாய்ந்தும் ஆட வேண்டிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று ஆடியிருக்கிறார். 1993 ஜூனில் களத்தில் மூண்ட ஒரு கைகலப்பில் முழங்கால் திருகிக்கொண்ட மறுநாளும் அவர் ஆடினார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 1939-இல் விட்டுச்சென்ற 2,130 தொடர் ஆட்டங்கள் என்ற எண்ணை எவரும் நெருங்க மாட்டார்கள் என்றே பல தலைமுறைகள் நம்பியிருந்தன.

அந்த இரவு கேம்டன் யார்ட்ஸ் அரங்கில் குடியரசுத் தலைவர் கிளின்டன் இருந்தார். கெரிக்குடன் ஆடிய ஜோ டிமாஜியோ இருந்தார். இரு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும் சுற்றுக்கு இன்னிங்ஸ் என்று பெயர். நான்காம் இன்னிங்ஸில் ரிப்கென், பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் ஒன்றை அடித்தார். ஆனால் கூட்டம் காத்திருந்தது ஐந்தாம் இன்னிங்ஸின் நடுப்பகுதிக்கு. சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால், எதிரணி ஐந்தாவது முறை ஆடி முடித்ததும் ஆட்டம் விதிப்படி முழுமை பெற்றதாகக் கணக்காகும். கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் மூன்றாவது மட்டையாளர் அவுட் ஆனவுடன், அரங்கின் வலப்புறம் நீண்டு கிடக்கும் பழைய செங்கல் ரயில் கிடங்கின் சுவரில் 2130 என்றிருந்த பதாகையின் கடைசி எண் அவிழ்ந்து விழுந்து, 2131 என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடங்கள் ஆட்டம் நடக்கவில்லை. ரிப்கென் வெளியே வந்து வணங்குவார், உள்ளே போவார், கூட்டம் விடாது, மறுபடியும் வருவார். இறுதியில் அணித் தோழர்கள் பொனியாவும் பல்மேரோவும் அவரை டக்அவுட்டிலிருந்து (களத்தோரம் வீரர்கள் அமரும் இடம்) பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவர் சுற்றுச்சுவரை ஒட்டியே மெல்ல நடந்து, நீட்டிய கைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு, அரங்கை ஒருமுறை வலம் வந்தார். எதிரணியினரும் தங்கள் டக்அவுட் முன் நின்று கைகொடுத்தார்கள். முந்தைய ஆண்டின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் இறுதிப் போட்டியே ரத்தாகி, வீரர்கள் மீதும் முதலாளிகள் மீதும் மக்கள் கசப்புற்றிருந்த காலம் அது. நான் பார்த்தது அந்தக் கசப்பு இறங்கிய நேரம் என்றே இன்றும் நம்புகிறேன்.

“நாள் தவறாமல் வந்ததெல்லாம் ஒரு சாதனையா” என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை முழு மனத்துடன் மறுக்கிறேன். என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் அழுதுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் உலையின் முன் நின்ற அவருக்கு அந்த எண்ணின் பொருள் எவரும் விளக்காமலே தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்து பேசிய ரிப்கென், கெரிக் மேலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், யாரோ தம்மைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடிவிட்டார்களே என்று வருந்தமாட்டார் என்ற பொருளில் சொன்னார். கெரிக் நோயால் தளர்ந்து தாமாகவே விலகிக்கொண்டவர். 37 வயதில் இறந்தவர். ரிப்கெனும் தம் தொடரைத் தாமாகவே நிறுத்தினார். 1998 செப்டம்பர் 20 அன்று, 2,632 ஆட்டங்களுக்குப் பிறகு, இன்று நான் ஆடவில்லை என்று மேலாளரிடம் சொன்னார். எதிரே இருந்தது கெரிக்கின் அதே யாங்கீஸ் அணி. முதல் அவுட் விழுந்ததும் அவர்கள் டக்அவுட் படிகளில் ஏறி நின்று கைதட்டினார்கள். அன்று நான் அரங்கில் இல்லை, வீட்டு முகப்பில் அந்த முதியவருடன் வானொலியில்தான் கேட்டேன்.

கேன்சஸ் சிட்டி, மிசூரி

பால்டிமோர் நண்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2,131 என்பது அமெரிக்க எல்லைக்குள்தான் சாதனை. ஜப்பானில் ஹிரோஷிமா கார்ப் அணியின் சச்சியோ கினுகாசா 1970 முதல் 1987 வரை 2,215 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடியிருந்தார். அந்த எண்ணை ரிப்கென் கடந்தது எங்கள் ஊரில், 1996 ஜூன் 14 அன்று. கினுகாசாவே கடல் கடந்து வந்து, தம் சாதனை முறியடிக்கப்படுவதை அரங்கில் அமர்ந்து பார்த்தார். கெரிக்கால் வர முடியாமல் போன இடத்துக்கு இவர் வந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

சியாட்டில், வாஷிங்டன்

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். 2004 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. எங்கள் மாரினர்ஸ் அணி அந்தப் பருவத்தில் 99 ஆட்டங்களில் தோற்றது. ஆகஸ்டுக்குள்ளேயே ஊர் நம்பிக்கை இழந்துவிட்டது. இருந்தும் அன்று அரங்கில் இடமில்லை. ஒரே பருவத்தில் 257 ஹிட் (மட்டையாளரைப் பேஸில் சேர்க்கும் அடி) என்று செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த எண், 84 ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. இச்சிரோ சுசுகி 256-இல் நின்றார்.

இச்சிரோ அடிப்பதை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹோம் ரன்களின் உயரமும் ஆரவாரமும் அவரிடம் அதிகம் கிடையாது. இடக்கை மட்டையாளரான அவர், பந்தைத் தொடும்போதே முதல் பேஸை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டாரோ என்று தோன்றும். மெதுவாக உருளும் பந்தை உள்வட்டக் காவலர் எடுத்து நிமிர்வதற்குள் அவர் பேஸை மிதித்திருப்பார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த 262 ஹிட்களில் 225 ஒரே ஒரு பேஸ் மட்டும் தந்த அடிகள். கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்கு, ஒன்றிரண்டு ஓட்டங்களாகவே திரட்டி நூறு தொடும் ஆட்டக்காரரைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பற்று.

முதல் இன்னிங்ஸில் பந்து தரையில் மோதி, மூன்றாம் பேஸ் காவலரின் தலைக்கு மேல் துள்ளிப் பறந்தது: 257. மூன்றாம் இன்னிங்ஸில், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ரயன் டிரீஸ் வீசிய பந்து களத்தின் நடுவே தரையோடு உருண்டு வெளிவட்டத்துக்குப் போனது: 258. வாணவேடிக்கை தொடங்கியது; அணியினர் எல்லோரும் முதல் பேஸுக்கு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்னுடன் வந்திருந்த ஜப்பானிய சக ஊழியர் மட்டும் கைதட்டாமல், இரு கைகளையும் மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

பின்னர் நடந்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. முதல் பேஸ் பக்கத்து இருக்கைகளில் சிஸ்லரின் மகளும் குடும்பத்தாரும் அமர்ந்திருந்தார்கள். மகளுக்கு எண்பது வயது கடந்திருந்தது. இச்சிரோ அவர்களிடம் நடந்து சென்று, தலை தாழ்த்தி, கை குலுக்கினார். சிஸ்லருக்கு அந்தப் பருவத்தில் இருந்தவை 154 ஆட்டங்கள்தான். இச்சிரோ இந்த எண்ணைத் தொட்டது அணியின் 160-வது ஆட்டத்தில். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்பவர்கள் சொல்வது சரியே; நானும் அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிஸ்லரின் பெயரை என் தலைமுறைக்கு மீட்டுக் கொடுத்தவர் இச்சிரோதான். 2009-இல், எல்லா அணிகளின் சிறந்த வீரர்களும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காகச் செயின்ட் லூயிஸ் சென்றபோது, அவர் மனைவியுடன் சிஸ்லரின் கல்லறைக்குப் போய் மலர் வைத்துவிட்டு வந்தார் என்ற செய்தியைப் படித்தபோது, அந்த இரவு இன்னும் முடியவில்லை என்றே எனக்குப் பட்டது.

அட்லாண்டா, ஜார்ஜியா

நான் பார்த்தது ஆட்டத்தை அல்ல. ஒரு வாகன நிறுத்துமிடத்தை. 2009-இல் டர்னர் ஃபீல்டுக்கு ஆட்டம் பார்க்கப் போய், காரை நிறுத்திவிட்டு நடந்தபோது, கார்களுக்கு நடுவே வேலியின் ஒரு சிறு துண்டு தனியாக நின்றது. இடிக்கப்பட்ட பழைய அரங்கின் இடப்புற எல்லைச் சுவர் இருந்த இடம் அது. 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஏரனின் 715-வது ஹோம் ரன் அங்கேதான் வேலியைத் தாண்டியது. பேப் ரூத் தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் அடித்த 714 என்ற சாதனை அத்தோடு பின்னுக்குப் போனது.

அந்த எண்ணை நெருங்கிய மாதங்களில், கறுப்பினத்தவர் ஒருவர் ரூத்தைக் கடப்பதைப் பொறுக்காத மக்கள் ஏரனுக்கு வசைக் கடிதங்களையும் கொலை மிரட்டல்களையும் எழுதிக் குவித்தார்கள். காவலர் துணையின்றி அவரால் நடமாட முடியவில்லை. அன்று பந்து தாண்டியதும் இரண்டு இளைஞர்கள் களத்துக்குள் குதித்து அவருடன் ஓடினார்கள். வாழ்த்தத்தான் ஓடினார்கள், ஆனால் அந்த ஓரிரு விநாடிகளில் அவரைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! ஹோம் பேஸில் அவருடைய தாய் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். அந்த வேலியருகே நின்றபோது எனக்கு அந்தத் தாயின் கைகள்தாம் நினைவுக்கு வந்தன.

டெட்ராய்ட், மிச்சிகன்

நான் எழுதப்போவது எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லாத சாதனை. 2010 ஜூன் 2, புதன்கிழமை இரவு, எங்கள் ஊர் டைகர்ஸ் அணியின் கொமெரிகா பார்க் அரங்கு. கார்த் தொழில் நொடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எனக்கும் அண்மையில்தான் மறுவேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு மலிவான இருக்கையில் போய் அமர்ந்தேன். அரங்கில் பாதிக்கு மேல் காலி.

பால்டிமோர் நண்பர் சொன்ன ஸ்கோர்கார்டை நானும் பென்சிலால் எழுதுவேன். டைகர்ஸ் அணிக்காகப் பந்து வீசியவர் வெனிசுவேலாவைச் சேர்ந்த அர்மாண்டோ கலாராகா. சில வாரங்களுக்கு முன்தான் டொலிடோவின் கீழ்நிலை அணியிலிருந்து மீண்டும் அழைக்கப்பட்டிருந்தார். ஆறாம் இன்னிங்ஸ் முடிந்தபோது என் தாளைப் பார்த்தேன். கிளீவ்லாந்து அணியின் கட்டங்களில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. வரும் 27 பேரையும் இப்படியே திருப்பி அனுப்பினால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றில் அதுவரை இருபதுதான் நிகழ்ந்திருந்தன. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் மரபு. நான் தாளைத் திருப்பி மகனிடம் காட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒன்பதாம் இன்னிங்ஸின் முதல் அடி இடப்புற நடுக்களத்தில் வெகு ஆழத்துக்குப் பறந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆஸ்டின் ஜாக்சன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே ஓடி, ஓட்டத்திலேயே பந்தைப் பிடித்தார். அடுத்தவரும் அவுட், இருபத்தாறு. இருபத்தேழாவது மட்டையாளர் ஜேசன் டொனால்ட் தரையில் அடித்த பந்தை முதல் பேஸ் காவலர் கப்ரேரா வலப்புறம் நகர்ந்து எடுத்து, பேஸுக்கு ஓடி வந்த கலாராகாவுக்கு எறிந்தார். பந்து கையுறைக்குள் விழுந்தது, கால் பேஸில் பட்டது, ஓடி வந்தவர் ஓர் அடி பின்னால். நான் கட்டத்தில் 3-1 என்று எழுதிவிட்டேன்.

நிமிர்ந்தபோது அம்பயர் ஜிம் ஜாய்ஸின் இரு கைகளும் விரிந்திருந்தன. சேஃப், அதாவது அவுட் இல்லை.

கலாராகா அவரைப் பார்த்துச் சிரித்தார். கேலியாகவோ கசப்பாகவோ அல்ல, நம்ப முடியாதபோது மனிதர் சிரிக்கும் சிரிப்பு. எதுவும் பேசாமல் தம் இடத்துக்குத் திரும்பி நடந்து, அடுத்தவரை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். நாங்கள்தான் கத்தினோம். நானும் கத்தினேன்; என் மகன் கேட்கக்கூடாத சொற்களைச் சொன்னேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். அந்தக் காலத்தில் வீடியோ மறுபார்வை ஹோம் ரன் ஐயங்களுக்கு மட்டுமே இருந்தது. மற்ற முடிவுகளுக்கும் அது விரிவானது 2014-இல்தான்.

அறைக்குத் திரும்பிப் பதிவைப் பார்த்த ஜாய்ஸ், தாம் தவறு செய்துவிட்டதாகச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கலாராகாவை நேரில் பார்த்துக் கட்டித்தழுவி மன்னிப்புக் கேட்டார். நிர்வாகம் அந்த முடிவை மாற்ற மறுத்துவிட்டது. மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நெடுநாள் வாதிட்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பகல் ஆட்டம். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகனையும் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போனேன். அன்று ஹோம் பேஸில் நிற்கும் முறை ஜாய்ஸுடையது. ஆட்டத்துக்கு முன் அணியின் பெயர்ப் பட்டியலை அம்பயரிடம் மேலாளர் கொடுப்பது வழக்கம். டைகர்ஸ் மேலாளர் அன்று கலாராகாவை அனுப்பினார். அவர் நடந்து வருவதைப் பார்த்ததுமே ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். தாள் கை மாறியது, இருவரும் கை குலுக்கினார்கள், ஜாய்ஸ் அவர் தோளில் தட்டினார். முந்தைய இரவு கத்திய அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் மகன் பழைய ஸ்கோர்கார்டை எடுத்து, இருபத்தேழாவது கட்டத்தில் இருந்த 3-1 என்பதை அழிக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனே அதன் ஓரத்தில், முதல் பேஸ் வரைக்கும் ஒரு சிறு கோடு இழுத்து, அம்பயர் சொன்னதையும் பதிந்தான். இரண்டும் அந்தக் கட்டத்துக்குள் அப்படியே இருக்கின்றன.