மறுமொழி: ‘வெஜிடேஷன் ஸ்ட்ரக்சர்’ – ‘தூறமைவு’ எனலாமா?

> ‘தாவரக் கட்டமைப்பு’ என்றே வழங்குகிறோமே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம். ‘வெஜிடேஷன் ஸ்ட்ரக்சர்’ என்ற ஆங்கிலச் சூழலியல் சொல்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். ‘தாவரக் கட்டமைப்பு’ என்று கேட்டதும் மாணவருக்கு வேர், தண்டு, இலை, திசு என்று ஒற்றைச் செடியின் உடல்தான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவதோ பல செடிகள் சேர்ந்து நிற்கும் விதத்துக்கு: எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம், தண்டு எவ்வளவு பருமன், காய்ந்தது எவ்வளவு, பச்சை எவ்வளவு.

சதுப்புநிலச் சிறு பறவைகள் கூடு கட்ட இடம் தேடும்போது பார்ப்பதும் இதைத்தான். ஐரோப்பாவின் நாணல் கதிர்க்குருவி, அருகருகே நிற்கும் சில தண்டுகளைச் சுற்றிப் புல்லிழைகளைப் பின்னி, தண்ணீருக்கு மேலே கூட்டை நிறுத்துகிறது. கூடு ஆழமான கிண்ணம். காற்றில் நாணல் சாய்ந்தாடினாலும் முட்டை வெளியே உருளாது. தண்டுகள் விலகி நின்றால் பின்னலுக்குப் பிடிப்பில்லை. இன்னொரு சிக்கல்: வசந்தத்தில் அது ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும்போது புது நாணல் போதிய உயரம் வளர்ந்திருக்காது. சென்ற ஆண்டின் காய்ந்த தண்டுகளே முதற்கூடுகளைத் தாங்குகின்றன. குளிர்காலத்தில் ஒன்றுவிடாமல் அறுத்துவிட்ட நாணற்காட்டில் அது புதுத்தண்டு வளரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காய்ந்த தண்டையும் வளரும் தண்டையும் சேர்த்துக் கட்டிய கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோவதும் உண்டு. இத்தனைக்கும் செடி ஒன்றே, நாணல். மாறுவது அது நிற்கும் நிலை.

‘அடுக்கமைவு’ என்ற இன்னொரு முன்மொழிவு, உயரத்துக்கு ஏற்ப மரஞ்செடிகள் அடுக்கடுக்காக நிற்கும் மழைக்காட்டுக்குப் பொருந்தும். நாணற்காட்டில் அடுக்குக்கு எங்கே போவது?

ஆகவே ‘தூறமைவு’. தூறு என்றால் அடர்ந்த புதர். நெல் ‘தூர் கட்டுகிறது’ என்பதிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான யோசனைதான், ஆனால் ‘தூரமைவு’ என்று அச்சானால் எல்லாரும் தொலைவைத்தான் நினைப்பார்கள். வல்லின றகரமே இருக்கட்டும்.

கூட்டைச் சுமக்கும் தண்டுக்குக் ‘கூட்டுத்தண்டு’ வேண்டாம். பல சிற்றிலைகள் சேர்ந்த ‘கூட்டிலை’ பற்றிப் படித்தவர்கள் அதையும் அந்த வகையில் சேர்த்துவிடுவார்கள். ‘தாங்குதண்டு’ போதும். நம் ஊர்க் கருங்கீற்றுத் தூக்கணாங்குருவிக்கும் அது பொருந்தும்: சம்பங்கோரையிலும் நாணலிலும் பல நுனிகளை இழுத்துச் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சிலிருந்தே கூட்டைத் தொடங்குகிறது. பனையோலையில் தொங்கவிடும் சாதாரணத் தூக்கணாங்குருவிக்குத் ‘தாங்குகிளை’, ‘தாங்கோலை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

‘தாங்கோலை’ சிலருக்கு உறுத்தும் என்று தெரியும். மாற்று இருந்தால் எழுதுங்கள்.